காட்பாடி முதல் டிஹுவானா வரை: எல்லை தாண்டினால் பொருள் ஏன் மலிவாகிறது?

காட்பாடியில் இருந்து சித்தூர் சாலையில் வண்டியை விட்டால் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் வரை தமிழ்நாடு. அதைத் தாண்டினால் ஆந்திரா. சாலை அதே சாலைதான், வெயிலும் அதே வெயில்தான். கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது. கூடவே பெட்ரோல் விலையும் மாறுகிறது, லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய்! சித்தூரில் இருந்து வேலூருக்கு வந்துபோகிற ஒருவர், திரும்பும் வழியில் எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொண்டால் லாபம். 40 லிட்டர் டேங்க் உள்ள கார் என்றால் கிட்டத்தட்ட 300 ரூபாய் மிச்சம்.

காசு மிச்சமானால் யாருக்குத்தான் கசக்கும்?

உலகத்தின் இன்னொரு மூலையில், இதே கணக்கை நம்பி முழு ஊர்களே வளர்ந்திருக்கின்றன. அமெரிக்கா - மெக்சிகோ எல்லையில் இருக்கும் டிஹுவானா, சியுடாட் ஹுவாரெஸ், நொகாலெஸ் போன்ற ஊர்களுக்கு அமெரிக்கர்கள் காலையில் நடந்துபோய், சாயங்காலம் பையோடு திரும்புகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நம்ம ஊர் ஐடி பசங்களும் வார இறுதியில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இரண்டு எல்லைகளும் ஒன்றல்ல. ஒன்று இரு நாடுகளுக்கு நடுவே. பாஸ்போர்ட் இல்லாமல் நகர முடியாது. இன்னொன்று ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு நடுவே. டவுன் பஸ் போய்வருகிற எல்லை. ஆனால் எல்லைக் கடை இயங்கும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். அது புரிந்தால் எதை வாங்கலாம், எதை வாங்கினால் வம்பு என்பது தெளிவாகிவிடும்.

மெக்சிகோ எல்லை ஊரில் அப்படி என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவின் சான் டியகோ நகரை ஒட்டி இருக்கிறது டிஹுவானா. அதன் பழைய சுற்றுலாத் தெரு 'அவெனிடா ரெவலூசியோன்'. அங்கே தோல் பெல்ட், தோல் பை, பூட்ஸ், வெள்ளி நகை, டெக்கீலா பாட்டில், மருந்துக் கடை என்று வரிசையாக இருக்கும். பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு அங்கே தனியாகப் பயிற்சி தேவைப்படாது.

இந்தத் தெருவைப் பெரிதாக்கியது மெக்சிகோவின் சட்டம் அல்ல, அமெரிக்காவின் சட்டம். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மது விற்கத் தடை இல்லை. அமெரிக்கர்கள் டிஹுவானாவுக்குப் படையெடுத்தார்கள். மதுக்கடைகள், ஹோட்டல்கள், சூதாட்ட விடுதிகள் முளைத்தன. ஒரு நாட்டில் போட்ட தடை, பக்கத்து நாட்டில் ஒரு ஊரையே வளர்த்துவிட்டது.

இன்னொரு உதாரணம் லோஸ் அல்கொடோனெஸ். சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் சின்ன ஊர். ஆனால் அங்கே சில நூறு பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் பட்டப்பெயரே 'கடைவாய்ப் பல் நகரம்'தான். அமெரிக்காவில் பல் சிகிச்சைக்குக் கட்டணம் அதிகம். பலருக்குப் பல் காப்பீடும் கிடையாது. அதனால் எல்லையில் காரை நிறுத்திவிட்டு, நடந்துபோய்ப் பல்லைச் சரிசெய்துகொண்டு திரும்புகிறார்கள்.

மலிவு எத்தனை வகை?

எல்லைக் கடையில் கிடைக்கும் மலிவை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வரியால் வரும் மலிவு. பொருள் ஒன்றுதான். ஒரு பக்கம் வரி அதிகம், மறுபக்கம் குறைவு. காட்பாடி பெட்ரோல் இந்த வகை.

இரண்டாவது, செலவால் வரும் மலிவு. கூலி, வாடகை, உற்பத்திச் செலவு குறைவாக இருப்பதால் விலையும் குறைவாக இருக்கும். அல்கொடோனெஸ் பல் மருத்துவம் பெரும்பாலும் இந்த வகை. ஆம்பூர் செருப்பும் இதே வகைதான்.

மூன்றாவது, விதி தளர்ந்த இடத்தில் வரும் மலிவு. ஒரு பக்கம் தடை இருக்கும். மறுபக்கம் இருக்காது, அல்லது கண்டுகொள்ள மாட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மாத்திரை, கைமாறிப் போகும் ரேஷன் அரிசி, வெளிமாநில மது பாட்டில் எல்லாம் இதில் அடக்கம்.

முதல் வகையில் வாங்குபவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. இரண்டாவதில் தரத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் லாபம் யாருக்குப் போனாலும், மாட்டுவது கையில் பை வைத்திருப்பவர்தான்.

காட்பாடி எப்போது எல்லை ஊர் ஆனது?

இந்த எல்லைக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. பிரிட்டிஷ் காலத்தில் வேலூரும் சித்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அப்போதும் இரண்டும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தன.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோதுதான் சித்தூர் 'வெளிமாநிலம்' ஆனது. எந்த ஊர் யாருக்கு என்ற தகராறு அதன்பிறகும் தீரவில்லை. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கு எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் என்று இழுத்துக்கொண்டே போய், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. தமிழ்நாட்டில் இருந்த சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

கோடு போட்டபோது அது மொழிக்காகப் போடப்பட்டது. ஆனால் கோடு விழுந்துவிட்டால் அதோடு சேர்ந்து இரண்டு வரி விகிதம், இரண்டு மதுக் கொள்கை, இரண்டு ரேஷன் திட்டம் எல்லாம் வந்துவிடும். மெக்சிகோ எல்லையும் இப்படித்தான். 1848-ல் போர் முடிந்து போடப்பட்ட உடன்படிக்கையில் கலிபோர்னியா உட்பட மெக்சிகோவின் பெரும்பகுதி நிலம் அமெரிக்காவுக்குப் போனது. கோடு வந்தது முதலில். சந்தை வந்தது பிறகு.

செருப்புக்கு இல்லாத எல்லை பெட்ரோலுக்கு மட்டும் ஏன்?

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன்பு ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ சித்தூர் போக வேண்டும் என்றால் செக்போஸ்ட்டில் வணிக வரித் துறைக்குக் காகிதம் காட்ட வேண்டும். லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஜிஎஸ்டி வந்தபின் அந்த வணிக வரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. இன்றைக்குச் செருப்புக்கு வேலூரிலும் சித்தூரிலும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

எனவே செருப்பு வாங்க எல்லை தாண்டுவதில் வரி லாபம் எதுவும் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தி, பக்கத்திலேயே ஷூவும் வாங்குகிறார்கள் என்றால், அங்கே விலை குறைவதற்குக் காரணம் வேறு. தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதும், சின்னக் குறையால் ஒதுக்கப்பட்டதும், பிராண்ட் பெயர் ஒட்டாததும் அங்கே கிடைக்கிறது. இது இரண்டாவது வகை மலிவு. தையலையும் அடித்தோலையும் பார்த்து வாங்கினால் போதும். டிஹுவானா தோல் கடைக்கும் இதே விதிதான்.

ஆனால் ஜிஎஸ்டிக்கு வெளியே இரண்டு முக்கியமான பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பெட்ரோல், டீசல் போன்ற எரிபொருள்கள். இன்னொன்று மது. இந்த இரண்டிலும் வரி போடுவது மாநிலங்களின் கையில் இருக்கிறது. மாநில அரசுகள் எளிதில் விட்டுக்கொடுக்காத வருமானமும் இதுதான்.

பெட்ரோல் கணக்கை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. ஆந்திராவில் 31 சதவீதம், அதோடு லிட்டருக்கு 4 ரூபாய், சாலை மேம்பாட்டு வரி 1 ரூபாய். மாநில வரிக்கு முந்தைய விலை 79 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வரி சுமார் 21 ரூபாய் 80 காசு வரும். ஆந்திர வரி சுமார் 29 ரூபாய் 50 காசு வரும். வித்தியாசம் 7 ரூபாய் 70 காசு. கிறிஸ்டியான்பேட்டையில் விலை மாறுவதன் ரகசியம் இவ்வளவுதான். பங்க் முதலாளி தள்ளுபடி கொடுப்பதில்லை. அரசின் விகிதம்தான் மாறுகிறது.

சொந்த வண்டியின் டேங்க்கில் நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டுவது குற்றம் இல்லை. கேனிலும் பேரலிலும் நிரப்பிக் கொண்டுபோய் விற்றால்தான் சிக்கல். இதில் இன்னொருவரின் இழப்பும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பங்க் வைத்திருப்பவருக்கு வியாபாரம் போகிறது. ஆந்திர அரசுக்கு வரியும் போகிறது. வரியை ஏற்றினால் வருமானம் கூடும் என்பது மாநிலத்தின் நடுப்பகுதிக்குப் பொருந்தும். எல்லை ஓரத்தில் வாடிக்கையாளர் வண்டியைத் திருப்பிவிடுவார்.

மது விஷயத்தில் திசை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

எல்லைக் கடை சட்டத்தை நம்பி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

1992-ல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் ஆந்திரா முழுக்கப் பரவியது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997-ல் சந்திரபாபு நாயுடு அரசு அதைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. 2019 அக்டோபரில் ஆந்திராவிலும் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, விலையும் ஏறியது.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர் எல்லையில், குடியாத்தம் பக்கம் சைனகுண்டாவிலும் பொன்னை பக்கத்திலும், சாலைக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் சுவரே எழுப்பியது. தொற்று பரவாமல் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் சுவர் இடிக்கப்பட்டது. சித்தூர் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு ஆஸ்பத்திரி வேலூரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காய்கறியும் பாலும் வருவதும் அதே சாலைகளில்தான். 'எல்லை' என்ற சொல்லுக்கு உருவம் வந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்குக் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே நேரெதிர்க் காட்சி. மே 4 அன்று ஆந்திராவில் மதுக்கடைகள் திறந்தன. தமிழ்நாட்டில் திறக்கவில்லை. இங்கிருந்தவர்கள் அங்கே போய் வரிசையில் நின்றார்கள். அண்டை மாநிலங்களில் கடை திறந்ததால் எல்லையில் மக்கள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்பதையும் காரணமாகக் காட்டி, மே 7 முதல் டாஸ்மாக் கடைகளைத் திறப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒரு மாநிலத்தின் முடிவை இன்னொரு மாநிலத்தின் கடைவாசல் தீர்மானித்த சந்தர்ப்பம் அது.

அதே மே முதல் வாரத்தில் ஆந்திர அரசு மது விலையை இரண்டு தவணையில் மொத்தம் 75 சதவீதம் ஏற்றியது. கூட்டம் திரும்பி இந்தப் பக்கம் பாயும் சூழல் வந்துவிட்டது. வெளிமாநிலத்தில் இருந்து ஒருவர் 3 பாட்டில் வரை கொண்டுவரலாம் என்று 2020 செப்டம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே புதிய அரசாணை போட்டு அந்த வழியும் அடைக்கப்பட்டது.

கதை அதோடும் முடியவில்லை. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பின் டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திராவில் ஆட்சியோடு கொள்கையும் மாறி, தனியார் கடைகள் திரும்ப வந்தன. 180 மில்லி 99 ரூபாய் என்று மலிவு ரகமும் வந்தது. தராசு மறுபடி சாய்ந்துவிட்டது.

நாலைந்து வருடத்துக்குள் திசை இத்தனை முறை மாறியிருக்கிறது. குடிக்கிறவர் மாறவில்லை, சாலை மாறவில்லை. அரசாணை மட்டும்தான் மாறியது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 'அங்கே சட்டப்படி காசு கொடுத்துத்தானே வாங்கினேன்' என்ற வாதம் செக்போஸ்ட்டில் எடுபடாது. தமிழ்நாட்டில் வரி கட்டிய பாட்டிலுக்குத் தனி ஹாலோகிராம் ஸ்டிக்கர் உண்டு. வெளிமாநில பாட்டிலோடு பிடிபட்டால் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரலாம், வண்டியும் பறிமுதல் ஆகலாம். மிச்சம் பிடித்தது 40 ரூபாய், போனது பைக் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

சீட்டுக்கு அடியில் போகும் அரிசி

காட்பாடி ஜங்ஷன் சாதாரண ரயில் நிலையம் இல்லை. சென்னை - பெங்களூரு பாதையும், திருப்பதி - விழுப்புரம் பாதையும் இங்கே வெட்டிக்கொள்கின்றன. இங்கே ரயில்களில் சீட்டுக்கு அடியில் இருந்து ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி.

காரணம் இதுவும் எல்லைதான். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். எல்லைக்கு அப்பால் அதே அரிசிக்கு விலை உண்டு. பூஜ்யம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை யாரோ சில ரூபாய்க்குச் சேகரிக்கிறார்கள். யாரோ கூலிக்குச் சுமந்து ரயில் ஏற்றுகிறார்கள். அந்தப் பக்கம் மில்லில் பாலிஷ் போட்டு, வேறு பையில் நிரப்பி, வேறு விலையில் விற்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் அதிக லாபம் மில்லுக்கும் வியாபாரிக்கும். அதிக ஆபத்து மூட்டையோடு ரயில் ஏறுகிறவருக்கு. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் 1955-ன்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். சில நூறு ரூபாய் கூலிக்காக மூட்டை தூக்குகிறவருக்கு இது தெரியுமா என்பது வேறு கேள்வி. மெக்சிகோ எல்லையானாலும் காட்பாடி ஸ்டேஷனானாலும், எல்லை வியாபாரத்தின் கசப்பான பக்கம் இதுவே. வித்தியாசத்தில் வரும் காசு மேலே ஏறிப்போகிறது; வழக்கு கீழே இறங்கி வருகிறது.

வேலூரிலேயே இருக்கும் இன்னொரு எல்லைச் சந்தை

பாலாற்றைத் தாண்டி வேலூருக்குள் போனால், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் கடைப் பலகைகள் இருக்கும். மீன் குழம்போடு வங்காளச் சாப்பாடு கிடைக்கும். லாட்ஜ் வரவேற்பில் இருப்பவர் வங்காளமும் இந்தியும் கலந்து பேசுவார். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். பலருக்கு வேலூரின் முதல் காட்சி காட்பாடி பிளாட்பாரம்தான்.

அல்கொடோனெஸ் பல் மருத்துவத்தோடு இதை ஒப்பிடலாம், ஒரு வேறுபாட்டோடு. அங்கே இழுப்பது முக்கியமாக விலை. இங்கே இழுப்பது முக்கியமாக நம்பிக்கை. ஆனால் சுற்றியுள்ள லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை, ஆட்டோ ஆகியவற்றின் பிழைப்பு எல்லைக் கதவைச் சார்ந்திருப்பது இரண்டு ஊரிலும் ஒன்றே. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபோது பங்களாதேஷில் இந்திய விசா மையங்கள் மூடப்பட்டன. பிறகு மருத்துவம் போன்ற அவசரத் தேவைகளுக்கு மட்டும், அதுவும் அளவோடு, விசா தரப்பட்டது. டாக்காவில் ஒரு கவுன்ட்டர் மூடினால் வேலூரில் ஒரு லாட்ஜ் அறை காலியாகும். எல்லை ஊர் என்பதற்கு வரைபடத்தில் எல்லை ஓரத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டிஹுவானாவும் இதை அனுபவித்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் எல்லையில் சோதனை கடுமையாகி, காத்திருப்பு நேரம் கூடியது. 2009 ஜூன் முதல், அமெரிக்கர்களே சாலை வழியாகத் திரும்பினாலும் பாஸ்போர்ட் அல்லது அதற்கு இணையான அட்டை காட்ட வேண்டும் என்று ஆனது. அதே காலகட்டத்தில் போதைக் கும்பல்களின் வன்முறையும் உச்சத்தில் இருந்தது. சுற்றுலாத் தெருவில் பல கடைகள் ஷட்டரை இறக்கின.

அரசு நினைத்தால் இந்த வித்தியாசத்தைக் குறைக்க முடியாதா?

மெக்சிகோ ஒரு வழியை முயன்றிருக்கிறது. அங்கே பொதுவான மதிப்புக் கூட்டு வரி 16 சதவீதம். எல்லை ஓரத்தில் மட்டும் முன்பு 11 சதவீதமாக இருந்தது. 2014-ல் அந்தச் சலுகையை நீக்கி எல்லா இடத்திலும் 16 ஆக்கினார்கள். தங்கள் மக்கள் அமெரிக்கக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள் என்று எல்லை ஊர் வியாபாரிகள் புலம்பினார்கள். 2019 ஜனவரி முதல் வடக்கு எல்லைப் பகுதிக்கு மட்டும் வரியை 8 சதவீதமாகக் குறைத்து, குறைந்தபட்சக் கூலியையும் அங்கே இரட்டிப்பாக்கினார்கள். எல்லையோரப் பெட்ரோலுக்கும் தனி வரிச் சலுகை கொடுத்தார்கள்.

இந்தியாவில் எந்த மாநிலமும் எல்லை ஓரத்துக்கு மட்டும் பெட்ரோல் வரியைக் குறைப்பது எளிதல்ல. எங்கே கோடு போடுவது என்ற கேள்வி வரும். சித்தூருக்குக் குறைத்தால், அதற்கு அடுத்த ஊர்க்காரர் 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்று கேட்பார். எல்லை நீங்காது, கொஞ்சம் உள்ளே நகரும், அவ்வளவுதான். நிரந்தரத் தீர்வு என்றால் பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர வேண்டும். அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது; ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் மாநிலங்கள் சொந்தமாக வரி விகிதத்தை முடிவு செய்யும் உரிமை ஏற்கெனவே சுருங்கிப்போய்விட்டது. மிச்சம் இருக்கும் இரண்டு பெரிய கதவுகளில் ஒன்றையும் மூடச் சம்மதிப்பார்களா? சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எல்லை தாண்டிக் கடைக்குப் போவதற்கு முன்...

அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருந்துகொண்டு மெக்சிகோ எல்லை ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடை அல்ல, பாஸ்போர்ட். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஆனால் பலருக்கு அமெரிக்காவில் தங்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி ஆகியிருக்கும். போவது சுலபம், திரும்புவதில்தான் சிக்கல். மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்புகிறவர்களுக்கு நிபந்தனைகளோடு ஒரு விதிவிலக்கு உண்டு என்றாலும், முத்திரை காலாவதியானால் மெக்சிகோவுக்குள் நுழையவே தனி விசா தேவைப்படலாம். அதனால் வக்கீலிடமோ நிறுவனத்தின் குடியேற்றப் பிரிவிடமோ கேட்காமல் கிளம்பக் கூடாது.

திரும்பும்போது அமெரிக்காவில் வசிப்பவருக்கு 800 டாலர் மதிப்பு வரையிலான பொருளுக்குச் சுங்க வரி இல்லை. 21 வயது நிரம்பியவர் வரி இல்லாமல் ஒரு லிட்டர் மது கொண்டுவரலாம்.

மருந்துக் கடையில்தான் அதிகக் கவனம் தேவை. மெக்சிகோவின் சுற்றுலா ஊர் மருந்துக் கடைகளில் விற்கும் மாத்திரைகளில் ஃபென்டனில் போன்ற உயிருக்கு ஆபத்தான போதைப்பொருள் கலந்திருக்கலாம் என்று 2023 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையே எச்சரித்தது. மூன்றாவது வகை மலிவு இதுதான். இந்தப் பக்கம் சட்டப்படி இருப்பது அந்தப் பக்கம் குற்றம் ஆகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர் காரில் ஒரே ஒரு தோட்டாவை மறந்து விட்டுவிட்டு எல்லை தாண்டினாலும் மெக்சிகோவில் கைதாகலாம்.

காட்பாடி - சித்தூர் சாலையில் இவ்வளவு தூரம் கவலைப்படத் தேவையில்லை. சித்தூர் மாங்காய் வாங்கலாம், காணிப்பாக்கம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வரலாம், திரும்பி வந்து இந்தப் பக்கம் டேங்க்கை நிரப்பலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 'இந்தப் பையை மட்டும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பார்த்துக்கோங்க' என்று யாராவது கொடுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

எந்த எல்லையாக இருந்தாலும், விலை குறைவாக இருக்கிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதனால் குறைவு? வரியால் என்றால் வாங்கலாம். செலவால் என்றால் தரம் பார்த்து வாங்கலாம். விதி இல்லாததால் என்றால், அந்த மிச்சக் காசு நம்முடையது அல்ல. அடுத்த செக்போஸ்ட் வரைக்கும் நம்ம பையில் இருக்கும், அவ்வளவே.